காதுக் காக்காவின் முதல் கேள்வி

ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைக்கவேண்டும் என்ற யோசனை எனக்கு உதித்தது ஒரு நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்தில். கரண்ட் போயிருந்தது. கச்சான் காற்று கல்முனையை அப்பச்சட்டி மாதிரிச் சூடாக்கிவிட்டிருந்தது. உம்மா நனைத்த துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு சீமெந்து நிலத்தில் படுத்திருந்தார். நான் கைபேசியில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெண் போர்வை தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வருவது எனக்கும் வரும் என்று தோன்றியது. தோன்றிய நிமிடமே எழுந்து கத்தரிக்கோலைத் தேடினேன். டிகிரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற எனக்கு, யோசனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதில்லை.

இப்படிப்பட்டவளின் மெஷினைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதர் காதுக் காக்கா. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். உலகத்தில் தையல் மெஷின் திருத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அத்தனை பேரும் மெஷினைக் கண்ணால் பார்த்துத் திருத்துகிறவர்கள். பாராமலே திருத்துகிறவர் ஒருவர்தான். அவர் எங்கள் சின்னத் தெருவுக்கு, ஒழுங்கைக்கு, வருகிறவர். வருகிறவர் என்று எழுதியது பிழை, வந்துகொண்டிருந்தவர். அவர் வராமல் போனதற்குக் காரணம் நான். வெட்கத்தோடு அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பாராமல் திருத்தியது வித்தை காட்டுவதற்காக அல்ல. ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் அவர் கால் வைக்கமாட்டார். எங்கள் ஒழுங்கையிலோ பகலில் ஆண் இருக்கிற வீடு அபூர்வம். எங்கள் வாப்பா கட்டாரில், ராத்தாவின் மாப்பிள்ளை சவூதியில், அடுத்த வீட்டுக்காரர் இறக்காமத்து வயலில், அதற்கடுத்தவர் அக்கரைப்பற்றில் கடையில். ஆனால் தையல் மெஷின் மட்டும் வீட்டுக்கு ஒன்று, சில வீட்டில் இரண்டு. ஆகவே காக்கா கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, மதிலில் ஒரு காதை வைத்து, உள்ளே இருக்கிறவரைத் தைக்கச் சொல்லிக் கேட்பார். கீழ்நூல் இருக்கிற பொபின் பெட்டி ஒரு தட்டில் தேத்தண்ணியோடு வெளியே போகும். பெட்டி திருந்தி, கோப்பை காலியாகி, அதே தட்டு உள்ளே வரும். பெரிய வருத்தம் என்றால் மெஷினையே கேட்டடிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

வயது நாற்பதைத் தொட்டிருக்காது. காதுகளும் சாதாரணமானவை. பெயரைக் கேட்டுவிட்டு முறம் போன்ற காதுகளை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

அவர் மதிலில் காதை வைத்தால் ஒழுங்கையில் வேறு எதற்கும் பேச அனுமதியில்லை. மின்விசிறி நிற்கவேண்டும். ஆட்டுரல் நிற்கவேண்டும். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற, பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோவைக்கூட ஒருநாள் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, உண்ட பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டு. இஞ்ச ஒரு நோயாளி கதைக்குது."

"காக்கா, பாட்டு நிண்டா பாண் போகாதே."

"பாண் நாளைக்கும் போகும். இந்த ஊசி இண்டைக்கு ஒடையும்."

பாட்டு நின்றது. பாண் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆட்டோக்காரர் காக்காவின் சைக்கிளைத் தூரத்தில் கண்டாலே அடுத்த ஒழுங்கையால் போய்விடுவார். காக்கா வருகிற நாளில் எங்களுக்குப் பகல் சாப்பாடு வரை பாண் கிடையாது.

மெஷினின் சத்தத்தில் மெஷின் மட்டுமா இருக்கிறது? மூலை வீட்டு மாமியின் மெஷினை ஒருநாள் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாமி, மெஷின்ல ஒண்டுமில்ல. மிதிக்கிற ஆளுக்குத்தான் கோவம். மாப்பிள போன் எடுக்கல்லயோ?"

உள்ளே தைத்துக்கொண்டிருந்த மாமியின் மகள் அப்படியே காலை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்பது ஊருக்கே அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மனவருத்தம் உள்ளவர்கள் காக்கா வருகிற நாளில் மெஷினைத் தொடுவதில்லை.

கலியாண வீட்டில் ஒருமுறை ஆறு பேராக ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். முதல் பிடியை எடுத்தவர் கையை அந்தரத்தில் நிறுத்தினாராம். "பின்னால கேக் அடிக்கிற மெஷின்ர பெயாரிங் போகப்போகுது" என்றாராம். எழுந்து போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மற்ற ஐந்து பேரும் கோழியை முடித்திருந்தார்கள். கேக் தப்பியது.

அவருடைய வைத்தியத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். டொக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, எந்த மெஷினுக்கும், எந்த நோய்க்கும் அதைத்தான் கேட்பார்.

"பாதம் இறங்கிட்டா?"

ஊசிக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அதை இறக்கினால்தான் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம் கீழே வரும். மேல்நூலைப் பிடித்து இறுக்குகிற தட்டுகளும் அப்போதுதான் மூடும். கம்பி மேலே நின்றால் நூலைப் பிடிக்க ஆளில்லை. மேல்நூல் தளர்ந்து துணிக்கு அடியில் போய்ச் சிக்கும். சிக்கு அடியில் கிடப்பதால் எல்லோரும் அடியிலிருக்கிற பொபினைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி மேலே இருப்பான். இதை நான் இப்போது சுலபமாக எழுதிவிடுகிறேன். அப்போது தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

போர்வைக்கு வருகிறேன். மருதமுனையில் கைத்தறிச் சாரன் நெய்கிற வீடுகளில் ஓரத்துண்டுகள் வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டேன். அதற்குக் கீழே, குஷன் கடையில் வாங்கிய பஞ்சு ஷீட். அதற்கும் கீழே ஒரு வெள்ளைத்துணி. மூன்றையும் சேர்த்து மெஷினில் பிடித்து, துணியை இழுக்கிற பல்லை முடக்கிவிட்டு, என் கையாலேயே துணியைச் சுற்றிச் சுற்றி நகர்த்தி, பென்சிலால் கீறுவதுபோல ஊசியால் பூவும் சுருளும் கீறவேண்டும். இந்த வேலைக்கென்று துள்ளுகிற பாதம் ஒன்று தனியாக இருக்கிறது. அது இறங்கி நின்றாலும் துணியில் ஒட்டாமல் சற்று உயர்ந்தேதான் நிற்கும்.

உம்மா பஞ்சு ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வெக்கைக்குப் பஞ்சா? பொறக்கிற புள்ளய அவிக்கப் போறியா?"

"உம்மா, இது கலை."

"கலையப் போத்தினா புள்ளைக்கு வேர்க்குரு வராதா?"

நான் தைக்க உட்கார்ந்தேன். மேலே பூ அழகாக விழுந்தது. ஒரு மணி நேரம் ராசாத்தி மாதிரித் தைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கரைவலையைச் சுருட்டி எறிந்தது மாதிரி நூல் சிக்கிக் கிடந்தது. மறுநாள் காலையில் காதுக் காக்கா மதிலடியில் நின்றார்.

"தைங்க தங்கச்சி."

தைத்தேன்.

"நிப்பாட்டுங்க. பாதம் இறங்கிட்டா?"

"ஓம்" என்றேன். குனிந்து பார்க்கவில்லை. இந்தக் கதையில் நடந்த அத்தனையும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

"சிக்கின நூல் என்ன நிறம்? மேல்நூலா, கீழ்நூலா?"

"ரெண்டும் வெள்ள, காக்கா."

மதிலுக்கு அப்பால் ஒரு பெருமூச்சு கேட்டது. "நோய்க்காரி ரெண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு வந்திரிக்கா. சரி, மேல்நூல்ர திருகத் திருப்பி இறுக்குங்க. நாலுல வைங்க."

நாலில் வைத்தேன். ஆறில் வைத்தேன். கடைசி எண் ஒன்பதிலும் வைத்துத் தைத்தேன். வலை பெருத்தது.

"ஒம்பதுலயும் இறுகல்லயா? அப்ப பாதம் இறங்கல்ல."

"இறங்கித்தான் இரிக்கி காக்கா."

"மறுகா ஒருக்காப் பாருங்களன்."

"பார்த்திட்டன்" என்றேன். பார்க்கவில்லை. துள்ளுகிற பாதத்தை வாங்கிய எனக்கு அதைப் பற்றிப் பாடம் வேறா என்ற நினைப்பு.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஜன்னல் வழியாக வயரை இழுத்து, கேட்டடியில் முக்காலி போட்டு வைத்தோம். காக்கா ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்தார். தையல் மேலும் கீழும் முத்து முத்தாக விழுந்தது. உள்ளே கொண்டுபோனேன். வலை. வெளியே கொண்டுவந்தேன். முத்து. அன்று மட்டும் அந்த மெஷின் நாலு தரம் ஹஜ்ஜுக்குப் போகிறவர் மாதிரி வழியனுப்பப்பட்டுத் திரும்பி வந்தது.

நாற்பது வருடமாகத் தைக்கிற உம்மாவுக்கு இது மெஷின் வருத்தமே இல்லை. "கண்ணூறு" என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மெஷினை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். வீடெல்லாம் இருமல். ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மதிலுக்கு வெளியே காக்காவும் இருமினார். மெஷின் மட்டும் அசையவில்லை.

காக்கா தன் பக்கத்து ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. ஒரு கிழமையாக நாள்தோறும் வந்தார். உள்ளே நிலம் சரிவோ என்றார். கூடத்திலிருந்து அறைக்கு மாற்றினோம். கரண்ட் கூடக்குறையவோ என்றார். அறையிலிருந்து குசினிக்கு மாற்றினோம். நான் கைபேசியில் வீடியோ எடுத்து மதிலுக்கு மேலால் நீட்டினேன். அதை அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பார்த்தார். கண்ணைத் திறந்திருந்தாலும் பயனில்லை. நான் பூ விழுகிற முன்பக்கத்தைத்தான் எடுத்திருந்தேன்; கம்பி இருப்பது பின்பக்கம்.

"காக்கா, உள்ளுக்கு வந்து பாருங்களன். உம்மாவும் இரிக்கா, ராத்தாவும் இரிக்கா."

"ஆம்புள இல்லாத ஊட்டுக்குள்ள எண்ட கால் வராது தங்கச்சி. காது வரும். காது சொல்லுது, பாதம் அந்தரத்துல நிக்கிதெண்டு. சத்தத்துல ஒரு வெறுமை இரிக்கி. அதோட இன்னொண்டு. உங்கட கை ஓடுது, ஊசி நடக்குது. வளைவுல கொஞ்சம் மெதுவாப் போங்க."

பாதத்தைப் பற்றிச் சொன்னதைப் பொறுத்திருப்பேன். கையைப் பற்றிச் சொன்னதுதான் சுட்டது.

"காக்கா, நான் டிகிரி முடிச்ச ஆள். ஒரு கம்பி மேல நிக்கிதா கீழ நிக்கிதா எண்டு எனக்குத் தெரியாதா? உங்கட காதுலதான் என்னவோ."

ஒழுங்கையே அமைதியாக இருந்தது. அவர்தான் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தாரே. நான் சொன்னது ஆறேழு வீட்டுக்காவது கேட்டிருக்கும்.

காக்கா, "ஓம் தங்கச்சி. நீங்க சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே தட்டைத் திருப்பித் தந்தார்.

அத்தோடு விட்டேனா? எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஆட்கள் மாதிரிக் கதைத்துக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காக்காவின் குரலில் ஒரு நிமிடம் பேசிப் போட்டேன். "பாதம் இறங்கிட்டா தங்கச்சி? மாட்டுக்குப் பாதம் இறங்கிட்டா? பாணுக்குப் பாதம் இறங்கிட்டா?" கடைசியில் என் சொந்தக் குரலில், "காது மெக்கானிக் தேவையெண்டா முதல்ல அவர்ட காதுக்கு ஒரு மெக்கானிக்கத் தேடுங்க."

சிரிப்பு முகங்கள் கொட்டின. அடுத்த நாள் பாலமுனையிலிருக்கிற சாச்சி அதை எனக்கே அனுப்பி, "கேட்டுப் பாரு புள்ள, சிரிச்சுச் செத்துப் போவாய்" என்று எழுதியிருந்தார். அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பியும் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதுவதற்குக் கை கூசுகிறது; ஆனால் இருந்தது பெருமைதான்.

அடுத்த கிழமை மூலை வீட்டு மாமியின் கேட்டடியில் காக்கா நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். மாமி வஞ்சகம் இல்லாதவர். வேடிக்கை என்றால் எல்லோருக்கும் வேடிக்கை என்று நினைப்பவர். கைபேசியை எடுத்து அந்தக் குரலைப் போட்டுவிட்டார்.

காக்கா தலையைச் சாய்த்து, மெஷினைக் கேட்பதுபோலவே கேட்டார். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"ஆர்ட குரல் காக்கா? சொல்லுங்க பார்ப்பம்" என்றார் மாமி.

"பதிவு நல்ல தெளிவு மாமி. குரல்தான் விளங்கல்ல. நான் கேக்காத குரல்."

எனக்கு உள்ளுக்குள் துள்ளல். ஒருவர் மிதிக்கிற சத்தத்தில் மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்த மனிதர், ஒரு கிழமை முழுக்க மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து தன்னோடு வாயாடிய குரலை அடையாளம் காணவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், "நான் சொன்னனான்தானே உம்மா, காது போயித்து" என்றேன். அவர் சொன்னதற்கு வேறு ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்தக் கெட்டிக்காரத் தலைக்குள் ஏறவில்லை.

அதற்குப் பிறகு காக்கா மதிலில் காதை வைப்பதைக் கண்டவர் இல்லை. கூப்பிட்டவர்களிடம், "கடைக்கு அனுப்புங்க, எனக்குக் காது சரியில்ல" என்றார். கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். பாண் ஆட்டோ மறுபடி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ஒழுங்கையில் சத்தம் கூடியது. மெஷின் சத்தம் குறைந்தது.

அவருடைய மனைவியை உம்மா மீன் வாங்குகிற இடத்தில் கண்டிருக்கிறார். காக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டினாராம். டொக்டர் காதில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தைக் காது மாதிரி இருக்கிறது என்றாராம். காக்கா நம்பவில்லையாம்.

"என்ன சொல்றாராம் தெரியுமா?" என்று கேட்டார் உம்மா. "'டொக்டர்ட பொறி நல்லமெண்டுது. அந்தப் புள்ள பாதம் இறங்கித்தான் எண்டு சொல்லுது. படிச்ச புள்ள, என்னத்துக்குப் பொய் சொல்லப்போகுது' எண்டாராம்."

அப்போதும் நான் மெஷினைக் குனிந்து பார்க்கவில்லை. கோபத்தோடு இன்னொரு சதுரத்தைத் தைக்க உட்கார்ந்தேன். ராத்தாவுக்கு ஒன்பது மாதம். குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது. மெஷினுக்குப் பின்பக்கம் கதிரையைப் போட்டு, காலை நீட்டி, கொய்யாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் உட்கார்ந்ததில்லை.

"இந்தக் கம்பி ஏன்டி மேல பார்த்துக்கொண்டு நிக்கி?"

"எந்தக் கம்பி?"

"இந்தா. ஒட்டகச்சிவிங்கி மாதிரி."

குனிந்தேன். கம்பி மேலே நின்றது. முதல் நாளிலிருந்து மேலேதான் நின்றிருக்கிறது. பழைய பாதத்தோடு தைக்கும்போது பாதம் தூக்கி நின்றால் துணி நழுவும், கண்ணுக்கே தெரியும். இந்தத் துள்ளுகிற பாதமோ மேலே நின்றாலும் கீழே நின்றாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். கேட்டடியில் காக்கா, சைக்கிளில் ஏறும்போது ஸ்டாண்டைத் தட்டுவதுபோல, கை தானாகப் போய் அதை இறக்கித் தைத்திருக்கிறார். துணியை எடுக்கத் திரும்பத் தூக்கியிருக்கிறார். நான் அதைத் தூக்கியபடியே நாலு தரம் உள்ளே கொண்டுபோய் நாலு தரமும் அவருடைய காதைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

கம்பியை இறக்கினேன். திருகை நாலுக்குக் கொண்டுவந்து தைத்தேன். சத்தமே மாறிவிட்டது. அவர் சொன்ன அந்த வெறுமை போயிருந்தது. அது இல்லாமல்போன பிறகுதான் அது இருந்தது எனக்கு விளங்கியது. திருப்பிப் பார்த்தேன். அடியிலும் பூ.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பிரேக் கிரீச்சிட்டது. ஊர் மெஷின்களின் சத்தமெல்லாம் திருத்துகிற காக்காவின் சொந்தச் சைக்கிள் பிரேக்தான் கல்முனையிலேயே மோசமான பிரேக். ஒழுங்கையில் அதைத் தெரியாதவர் இல்லை. அவர் நின்றிருந்தார். நான் தைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்து போகவேண்டி வரும். கை ஓடி வளைவிலெல்லாம் தையல் கோணியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். மறுபடி சைக்கிள் நகர்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கும் மெஷினுக்கும் பத்து எட்டுத்தான் இருக்கும். நான் அந்தப் பத்து எட்டை நடக்கவில்லை.

"போய்ச் சொல்லன்டி" என்றாள் ராத்தா.

"பிறகு சொல்றன்."

"எப்ப பிறகு?"

பிறகு பிள்ளை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், பெண் பிள்ளை. பிறகு ஏழாம் நாள், முடி இறக்கிப் பேர் வைத்தோம். பிறகு நாற்பதாம் நாள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் தேடுவதில் என் கை ஓடும். நாற்பதன்று போர்வையைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தோம். பிள்ளை அதில் கிடக்கவில்லை. உம்மா சொன்னது சரி, ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் குளறினாள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அடியிலயும் பூவா? மெஷின ஆர் திருத்தித் தந்த?" என்று கேட்டார் மூலை வீட்டு மாமி.

"அவளே கண்டுபிடிச்சு அவளே செஞ்சாள்" என்றார் உம்மா, பெருமையாக.

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். ராத்தா என்னைப் பார்த்தாள். பிள்ளைகூடப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"காதுக் காக்காவும் இல்லயே இனி" என்றார் மாமி. "வாற திங்கள் தொடக்கம் அக்கரைப்பற்றுல மச்சான்ட ஹாட்வெயார் கடையில நிக்கப் போறாராம். ஆணி நிறுத்துக் குடுக்க."

அவர் குரலை அடையாளம் காணவில்லை என்று சொன்னாரே, அது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. கலியாண வீட்டுக் கூச்சலுக்குள் ஒரு பெயாரிங்கைக் கேட்ட காது என் குரலைக் கேட்காமல் இருந்திருக்குமா? அன்று நான் அவருக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் நின்றேன். தெரியும் என்று அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அந்த ஒழுங்கையில் நான் தலை நிமிர்ந்து நடந்திருக்கமுடியாது. என் கேலியை அவர் கேட்டுக்கொண்டார், என்னை மறைத்தார், என் பொய்யை மட்டும் உண்மை என்று நம்பித் தன் காதைத் தூக்கி எறிந்தார்.

இதைப் பத்திரிகைக்கு எழுதுவது சுலபம். அவர் பத்திரிகை வாசிக்கிறவர் அல்லர். ஆகவே இது மன்னிப்புக் கேட்டதாகவும் ஆகாது. ஆனால் எழுதத் தொடங்கிய பிறகு நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நேற்று அதே வாட்ஸ்அப் குழுவில், யாருடைய குரலிலும் இல்லாமல் என்னுடைய குரலில் போட்டேன்: "காதுக் காக்காட காது சரி. பாதம் இறங்கல்ல. இறங்கிட்டெண்டு சொன்ன நான் பொய் சொன்னன். போன தரம் அனுப்பின மாதிரி இதையும் எல்லாருக்கும் அனுப்புங்க." இதற்குச் சிரிப்பு முகங்கள் வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது, பாண் ஆட்டோக்காரரின் மனைவியிடமிருந்து: "இனிப் பாண் வராது போல."

உம்மாவின் பழைய கறுப்பு மெஷின் உண்மையாகவே நூல் அறுக்கிறது. திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு தரம் வந்து கேட்டுவிட்டுப் போகச் சொல்லி அவருடைய மனைவியிடம் ஆள் அனுப்பினேன். "காது சரியில்லாத மனிசன ஏன் கூப்பிடுறாங்க" என்று முதலில் பதில் வந்தது. நேற்று நான் போட்ட குரல் அதற்குப் பிறகு அவர்களின் வீட்டுக்கும் போயிருக்கவேண்டும். இன்று காலையில், நாளை அஸருக்குப் பிறகு வருவதாக இன்னொரு பதில் வந்தது.

மின்விசிறியை நானே நிறுத்தி வைப்பேன். தேத்தண்ணித் தட்டை உம்மாவிடம் கொடுக்காமல் நானே கேட்டடிக்குக் கொண்டுபோய், அவர் முகத்தைப் பார்த்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவேன். அவர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மதிலில் காதை வைத்துத் தன் முதல் கேள்வியைக் கேட்பார் என்று ஆசைப்படுகிறேன். கேட்டால், "ஓம்" என்று சொல்வதற்கு முன்னால் நான் குனிந்து பார்ப்பேன்.